சர்வீஸ் நம்பர் 1 குக்ரி: அலகைப் பார்ப்பதற்கு முன் பிடியின் அடியைப் பாருங்கள்

குக்ரி என்பது கூர்க்காக்களின் வளைந்த கத்தி. நேபாளத்தில் கையால் அடிக்கப்படும் குக்ரியில் இரும்பு பழுதாவது அரிது. பழுதாவது பெரும்பாலும் கைப்பிடிதான். ஆனால் கடைக்காரர் அனுப்பும் படங்கள் பத்தில் ஒன்பது அலகின் பளபளப்பையே காட்டும். அலகின் அடியிலிருந்து நீளும் வால் எப்படிப் பிடிக்குள் போகிறது, எங்கே முடிகிறது, எதைக் கொண்டு ஒட்டியிருக்கிறார்கள் என்பது எந்தப் படத்திலும் தெரியாது. சேகரிப்புக்காக முதல் குக்ரி வாங்குபவர்கள் ஏமாறும் இடம் அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

இங்கே முக்கியமாகப் பார்ப்பது கிழக்கு நேபாளத்தின் தரான், போஜ்பூர் பக்கத்துப் பட்டறைகளில் செய்யப்படும் ‘சர்வீஸ் நம்பர் 1’ மாதிரி. பிரிட்டிஷ் கூர்க்கா வீரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு குக்ரி தருவார்கள். அணிவகுப்புக்கு ஒன்று, பயிற்சிக்கும் காட்டு வேலைக்கும் மற்றொன்று. அணிவகுப்புக்கானதன் வடிவம்தான் இது. அலகு பத்து முதல் பத்தரை அங்குலம், பிடி எருமைக் கொம்பு, அலகும் பிடியும் சேரும் இடத்துப் பூணும் பிடியின் அடித்தகடும் பித்தளை, உறை கறுப்புத் தோல். உறையின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும். கூர் உள்ளது கர்தா, மழுங்கலானது சக்மக். நல்ல வேலைப்பாடு உள்ள ஒன்று உறை இல்லாமல் 450 முதல் 600 கிராம் வரை இருக்கும். அதைவிட மிக லேசாக இருந்தால் முதுகின் கனத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று பொருள். பூணுக்குப் பக்கத்தில் முதுகு 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அங்கிருந்து முனையை நோக்கிச் சீராக மெலிய வேண்டும். ஒரே கனத்தில் முனைவரை ஓடினால் அது தகட்டிலிருந்து வெட்டி எடுத்துத் தேய்த்தது, அடித்து நீட்டியது அல்ல.

பிடிக்கு வருவோம். மரபான குக்ரியில் அலகின் அடி மெலிந்து எலிவால் போல ஆகி, கொம்பில் துளைத்த ஓட்டைக்குள் போகும். நல்ல வேலையில் அந்த வால் பிடியின் முழு நீளமும் ஓடி, அடித்தகட்டைத் துளைத்து வெளியே வந்து, அதன்மேல் வைத்த சிறு பித்தளை வில்லையோடு சேர்த்துத் தறையப்பட்டிருக்கும். மலிவு வேலையில் வால் பாதிப் பிடியோடு நின்றுவிடும். அடியில் அழகுக்கு ஒரு வில்லையும் ஒரு பித்தளை ஆணித் தலையும் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபடுத்த ஒரு சின்னக் காந்தம் போதும். பித்தளையைக் காந்தம் இழுக்காது. வில்லையின் நட்ட நடுவில் ஊசிமுனைக் காந்தத்தைக் கொண்டுபோனால், வால் உண்மையிலேயே வெளியே வந்திருந்தால் அந்தப் புள்ளியில் மட்டும் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் அந்தக் குக்ரியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், ஓங்கி வெட்டக் கூடாது. அரைக்கிலோ இரும்பு பிடியிலிருந்து கழன்று பறப்பதை யாரும் பார்க்க நேர வேண்டாம். இணையத்தில் வாங்குபவர்கள் இந்தச் சோதனையைக் காணொளியில் செய்துகாட்டச் சொல்லுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ள கடைக்காரர் மறுக்கமாட்டார்.

வாலைப் பிடிக்குள் நிறுத்துவது லாஹா. அரக்கு, மரப்பிசின் வகை. நம்மூரில் கத்திக்கு அரக்குக் காய்ச்சிப் பிடி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது ஏற்றுமதிக்குச் செய்பவர்கள் பலர் லாஹாவை விட்டு எபாக்ஸி என்ற செயற்கைப் பசைக்கு மாறிவிட்டார்கள். எபாக்ஸி உறுதி அதிகம் என்பது உண்மை. ஆனாலும் சேகரிப்புக்கு நாங்கள் லாஹாவையே கேட்டு வாங்குவோம். சூடுகாட்டினால் இளகும் என்பதால், ஐம்பது ஆண்டு கழித்துக் கொம்பு வெடித்தாலும் பிடியைக் கழற்றி வேறு பிடி போடலாம். எபாக்ஸி போட்டதைக் கழற்ற வேண்டுமானால் பிடியை உடைக்கத்தான் வேண்டும். லாஹாவின் குறையும் அதே குணத்தில்தான் இருக்கிறது: வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் இளகிப் பிடி ஆடத் தொடங்கும். ஆடும் பிடிக்குள் பசையை ஊற்றாதீர்கள். அலகைக் கனத்த துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பூணுக்கு மட்டும் சூடுகாற்றுக் கருவியால் இளஞ்சூடு காட்டி, பிடியை அலகை நோக்கி அழுத்தி ஆறவிட்டால் பெரும்பாலும் மறுபடி இறுகிவிடும். கொதிக்கும் நீரில் முக்குவது கொம்பைக் கெடுக்கும்.

கொம்புக்கு வேறு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வறட்சி. குளிர்சாதன அறையில் ஆண்டுக்கணக்கில் மாட்டி வைத்தால் கொம்பு சுருங்கி, வாலின் நீளவாட்டில் மயிரிழை விரிசல் விடும். ஆரம்பத்திலேயே கண்டால் நீர்போன்ற சூப்பர் குளூவை ஒரு சொட்டு விட்டால் விரிசல் தானே உறிஞ்சிக்கொள்ளும். மற்றொன்று பூச்சி. கொம்பையும் தோலையும் தின்னும் வண்டுப்புழு ஒன்று இருக்கிறது. கொம்பில் குண்டூசித் தலையளவு குழிகளும் பக்கத்தில் நைந்த தூளும் கண்டால் அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். பழைய குக்ரி எது வாங்கினாலும், சேகரிப்போடு சேர்ப்பதற்கு முன் ஒரு மாதம் தனி டப்பாவில் வைத்துக் கவனிப்பது நல்லது. பிடிக்குப் பூச மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். தேங்காயெண்ணெய் சிக்கு வாடை எடுத்துப் பிசுபிசுக்கும், பூச்சியையும் அழைக்கும்.

இனி அலகு. மூலப்பொருள் பெரும்பாலும் லாரி, பஸ்ஸின் கமான் பட்டை. ‘பழைய இரும்பா?’ என்று முகம் சுளிக்க வேண்டாம். லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தும் உடையாத கலவை அது, கரி 0.6 சதவீதம் அளவுக்கு இருக்கும், கூடவே மாங்கனீசு, குரோமியம் அல்லது சிலிக்கான். நம் அரிவாள் பட்டறைகளும் இதையே நம்பியிருப்பதற்குக் காரணம் இதுதான். ‘பென்ஸ் வண்டிப் பட்டை’ என்று சொல்லி விலையைக் கூட்டுவது வெறும் பேச்சு. பட்டை எந்த வண்டியுடையது என்பதை அடித்து முடித்த அலகில் யாராலும் காட்ட முடியாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பழைய பட்டையில் முன்பே இருந்த விரிசல் அலகுக்குள் வந்திருக்கிறதா என்று. முதுகையும் பக்கங்களையும் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தில் தட்டும் கோடு எதுவும் இருக்கக் கூடாது. சுத்தியல் தழும்பும் சின்னக் குழிகளும் குறையல்ல.

ஓர் அலகின் உயிர் தோய்ச்சலில், அதாவது சிவந்த இரும்பைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவதில் இருக்கிறது. நேபாளக் கொல்லர்களான காமிகள் முழு அலகையும் தண்ணீரில் முக்குவதில்லை. உலையில் சிவந்த அலகைப் பிடித்துக்கொண்டு, மூக்குள்ள கெட்டிலிலிருந்து வெட்டுவாயின் மேல் மட்டும் தண்ணீரை மெல்லிய தாரையாக முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். இந்த வகை எஃகு எண்ணெயில் தோய்க்க வேண்டியது. முழுதாகத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும். வாயை மட்டும் நனைப்பதால் வாய் கடினமாகிறது, முதுகு இளக்கமாகவே நிற்கிறது. முதுகில் தங்கிய சூடு பிறகு வாயை நோக்கி இறங்கி, அதன் மிதமிஞ்சிய விறைப்பைத் தணிக்கிறது. அந்தச் சூடு எவ்வளவு இறங்கியது என்பதை நிறம் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். கடினமான வாயும் வளையும் முதுகும் ஒரே இரும்பில் கிடைப்பதால்தான் குக்ரி கட்டையில் அடித்தாலும் ஒடிவதில்லை.

கைவேலை என்பதால் இது எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. வயிற்றுப் பகுதி, அதாவது அலகு வளைந்து அகலமாகும் இடம், மிகக் கடினம். முனையும் பூணுக்கு அருகே உள்ள பகுதியும் இளக்கம். இதைக் குறை என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு, அது தவறு. அடி விழும் இடம் வயிறு, கடினம் வேண்டியது அங்கேதான். அங்கேயும் இல்லை என்றால்தான் புகார் செய்ய வேண்டும். சோதிக்க மெல்லிய அரம் ஒன்று வேண்டும். வெட்டுவாயில் பூணருகே ஒரு தடவை, வயிற்றில் ஒரு தடவை, முனையருகே ஒரு தடவை என்று அழுத்தாமல் இழுங்கள். பூணருகே அரம் கடித்துத் தூள் எடுக்கும். வயிற்றில் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்க வேண்டும். கூர் போட்ட பிறகு இன்னொரு சோதனை: ஒரு பித்தளைக் கம்பியைக் கிடத்தி, வாயைச் சாய்வாக அழுத்துங்கள். வாய் மெல்ல நெளிந்து திரும்ப நிமிர்ந்தால் சரி. நெளிந்தபடியே நின்றால் தோய்ச்சல் போதவில்லை. பொடிந்தால் சூடு இறங்க விடாமல் அவசரப்பட்டிருக்கிறார்கள். புது அலகில் தோய்ச்சல் எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால், எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். கடினமான பகுதி நிறம் மாறித் தெரியும். உடனே கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசிவிடுங்கள். பழைய அலகில் இதைச் செய்யவே கூடாது.

பூணுக்கு முன்னால் வெட்டுவாயில் இருக்கும் பள்ளத்துக்குக் கௌடி என்று பெயர். ரத்தம் வழிந்து பிடிக்கு வராமலிருக்க, பசுவின் குளம்பு, சிவனின் சூலம் என்று ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு விளக்கம் சொல்வார். எதுவும் நிரூபிக்கப்பட்டதில்லை. உருவினால் ரத்தம் காட்டாமல் உறையில் போடக்கூடாது என்பது கட்டுக்கதை. நேபாள மலைக்கிராமங்களில் இதே கத்தியால்தான் விறகு பிளக்கிறார்கள், இறைச்சி வெட்டுகிறார்கள். கௌடியில் நாம் பார்க்க வேண்டியது வேலைப்பாட்டை. உள்விளிம்பு அரத்தால் வழவழப்பாக்கப்பட்டிருக்க வேண்டும். கூரான மூலைகள் இருந்தால் அங்கிருந்து விரிசல் தொடங்கும்.

இதே பட்டறைகளில் கிடைக்கும் வேறு வடிவங்களில், வெட்டு வேலைக்கு எங்கள் தேர்வு பானாவால் பிடியுள்ள அங்கோலா. பானாவால் என்றால் வால் மெலியாமல் பிடியின் அகலத்துக்கே தட்டையாக ஓடும். இரண்டு பக்கமும் மரமோ கொம்போ வைத்துத் தறைந்திருப்பார்கள். கழன்று பறக்கும் பயம் இல்லை. அங்கோலாவில் முதுகை ஒட்டி அலகின் இருபக்கமும் குழிவாக வாங்கியிருப்பதால், முதுகு 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலும் எடை கையை இழுக்காது. சிருபாதே என்ற வடிவம் சிரு என்னும் புல்லின் இலைபோல ஒல்லியானது. கையில் வேகமாக ஓடும், சண்டைக் கத்தி என்ற பெயருக்குப் பொருந்துவது அதுதான், ஆனால் கனத்த கட்டைக்கு ஆகாது. அலகின் பக்கங்களில் நீளவாட்டில் மூன்று ஓடை வாங்கிய தின்சிரா பார்க்க மிக அழகு. ஓடைகள் இருபக்கமும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று முதுகின் மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், கொல்லரின் கை தெரிந்துவிடும்.

சிங்கத்தலைப் பிடி, நிக்கல் பூசிய அலகு, கல் பதித்த உறை இவை சுற்றுலாக் கடைச் சரக்கு. தோய்ச்சலே இல்லாத மெல்லிய தகடாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சேகரிப்பில் இவற்றுக்கு இடமில்லை.

உறையில் ஓர் ஆபத்து உண்டு, இதை எல்லோருக்கும் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு மெல்லிய மரப்பாதிகளைச் சேர்த்துத் தோல் போர்த்தியதுதான் உறை. வெட்டுவாய் வந்து நிற்பது அந்தப் பாதிகள் சேரும் தையலின் மேல். உருவும்போது உறையை முழுக் கையால் சுற்றிப் பிடித்தால், வாய் தையலை அறுத்துக்கொண்டு விரல்களுக்கு வரும். உறையின் முதுகுப் பக்கத்தைக் கட்டைவிரலாலும் மற்ற விரல்நுனிகளாலும் பக்கவாட்டில் கவ்விப் பிடியுங்கள். வாய்ப்பக்கம் விரல் வரவே கூடாது. அலகின் முதுகு உறையின் முதுகோடு உரசிக்கொண்டே வெளியே வர வேண்டும். உள்ளே போடும்போதும் அப்படியே. உறையை உள்ளங்கையில் தட்டி உட்கார வைப்பதும் வேண்டாம். வந்து சேர்ந்ததும் உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். தானாக வழுக்கி விழுந்தால் தளர்வு. அதேசமயம் மிக இறுக்கமாக இருப்பது அதைவிட மோசம், இழுக்கும் வேகத்தில் கை போகும். மழைக்காலத்தில் மரம் ஊறி இறுகும், பிறகு தானே சரியாகும். அதற்காக உள்ளே அரத்தைப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

நெடுநாள் வைப்பதற்கு உறை ஏற்றதல்ல. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட அமிலமும் இருக்கும். கடலோர ஊரில் ஒரே மழைக்காலத்தில் அலகு புள்ளிபுள்ளியாகத் துருப்பிடிக்கும். அலகை எண்ணெய்த் துணியால் துடைத்துத் தனியாகவும், உறையைப் பக்கத்திலும் வையுங்கள். விரல் பட்ட இடத்தை அன்றே துடைத்துவிடுங்கள்.

கூர் மழுங்கினால் சாணைச் சக்கரத்தில் கொடுக்கவே கூடாது. தீப்பொறி பறக்கும் அந்தச் சில விநாடிகளில் வாய் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது, திரும்ப வராது. குக்ரியின் வாய் தட்டைச் சரிவல்ல, மாதுளைத் தோல் போல மெல்ல உப்பியது. தட்டைக் கல்லில் தேய்த்தால் அந்த உப்பல் போகும். மென்மையான ரப்பர்ப் பாய்மேல் 400, 800, 1500, 2000 என்ற எண்ணுள்ள, நீரில் நனைக்கும் உப்புத்தாளை மாற்றி மாற்றி வைத்து, வாய் பின்னால் வரும்படி இழுத்துத் தேய்ப்பதே வழி. இடையிடையே சின்ன நெளிசல்களுக்குச் சக்மக் போதும்; வாயின் மேல் லேசாக வருடினால் நிமிர்ந்துவிடும். அதற்குச் சக்மக்கும் தோய்ந்ததாக இருக்க வேண்டும். மலிவுச் செட்டுகளில் அது அலங்காரத் தகடுதான். அரம் வைத்துப் பார்த்தால் தெரியும்.

பழைய குக்ரி தேடுபவர்களுக்குச் சில சொற்கள். 1814–16 ஆங்கிலேய–நேபாளப் போரின்போதே, 1815ல், கிழக்கிந்தியக் கம்பெனி கூர்க்காக்களைப் படையில் சேர்க்கத் தொடங்கியது. இந்தக் கத்தியின் பெயர் மலைக்கு வெளியே பரவியது அதன் பிறகுதான். சந்தையில் இன்று நம்பி வாங்கக்கூடிய பழையவை இரண்டு. ஒன்று, முதல் உலகப் போர்க்கால இராணுவ மாதிரிகள். அலகில் செய்தவரின் குறியும் 1916, 1917 போன்ற ஆண்டும் ஆய்வு முத்திரையும் குத்தப்பட்டிருக்கும். மற்றொன்று, காட்மாண்டுவின் லகன் சிலேகானா ஆயுதக் கிடங்கிலிருந்து 2003ல் மொத்தமாக விற்கப்பட்டவை. பலவற்றின் முதுகில் படைப்பிரிவும் எண்ணும் தேவநாகரியில் வெட்டியிருக்கும். இவை கெட்டிப்பட்ட மசகோடு வரும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டினால் போதும். எழுத்தைப் படித்துப் படம் எடுக்கும்வரை முதுகில் உப்புத்தாள் படக் கூடாது. மெருகேற்றிப் பளபளக்கச் செய்த பழைய குக்ரி பாதி மதிப்பை அங்கேயே இழந்துவிட்டது என்பது எங்கள் கருத்து. நூறு ஆண்டு கடந்த பொருளை நேபாளத்திலிருந்து வெளியே கொண்டுவரச் சட்டம் தடுக்கிறது. எனவே ‘தாத்தா காலத்துக் கத்தி’ என்று காட்மாண்டுத் தெருவில் காட்டினால், அது போலி, இல்லையென்றால் சிக்கல்.

சட்டம் புதியவற்றுக்கும் உண்டு. இந்தியாவின் 2016 ஆயுத விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. குக்ரி பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில், பட்டியலில் வருபவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும். சர்வீஸ் நம்பர் 1 பத்து அங்குலத்துக்குக் குறையாது என்பதால் இந்த வரம்புக்குள் தலையைக் கொடுக்கிறது. உங்கள் மாவட்டத்தில் நிலைமை என்ன என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வேண்டாம் என்றால் எட்டு அங்குல அலகில் அதே வேலைப்பாட்டோடு பட்டறைகள் செய்துதருகின்றன. விமானத்தில் எந்தக் குக்ரியும் கைப்பையில் போகாது.

பட்டறைகளிடமும் விற்பவர்களிடமும் எங்களுக்குள்ள ஒரே மனக்குறை, செய்தவரின் பெயர் பொருளோடு வராதது. கடையின் முத்திரை அலகில் இருக்கும், காமியின் பெயர் எங்கும் இருக்காது. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட சமூகம் அது. தீண்டாமை அங்கே 1963ல் சட்டத்தால் நீங்கியது, வழக்கத்தில் முழுதும் நீங்கவில்லை. ஒரு குக்ரிக்குப் பின்னால் மூன்று நான்கு பேரின் சுத்தியல் இருக்கிறது. வாங்கும்போது கேளுங்கள், சில கடைகள் விசாரித்துச் சொல்கின்றன. உங்கள் பதிவேட்டில் அலகின் நீளம், முதுகுக் கனம், எடை, வால் எந்த வகை, லாஹாவா எபாக்ஸியா, வாங்கிய தேதி என்ற வரிசையில் முதல் கட்டத்தைக் கொல்லரின் பெயருக்கும் ஊருக்கும் விட்டுவையுங்கள். இன்று காலியாக இருந்தாலும் அடுத்த முறை அந்தக் கடையோடு பேசும்போது அதுவே முதல் கேள்வியாகட்டும்.